எதிர்வீட்டுச் சுவரும் மாமாவின் முகமும்

எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு படம் என்று நான் தொகுத்துவரும் நூலில், சித்தப்பாவின் பக்கம்தான் நெடுநாள் காலியாகக் கிடந்தது. தகவல் இல்லாமல் அல்ல. அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தகவலுக்கு முன்னால் ஒரு வசை வந்தது. வசையைக் கழித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிதான் மிஞ்சியது. என் அப்பாவின் தம்பி. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை இன்க்ஜெட் இயந்திரத்தில் அச்சிட்டுக் கொடுக்கிறவர். இவ்விரண்டு வரியிலும் பொய் இல்லை. ஆனால் வசையையும் சேர்த்தால்தான் ஆள் முழுதாகத் தெரிகிறார் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவருடைய அறை ஒரு பல் மருத்துவரின் சிகிச்சை அறைக்கு நேர் மேலே இருக்கிறது. பல்லைக் குடையும் இயந்திரத்தின் ஓசை நாள் முழுவதும் தரையைத் துளைத்துக்கொண்டு வரும். ஜன்னலைக் கறுப்பு அட்டையால் அடைத்துவிட்டார். சுவர்களுக்கு வெறும் சாம்பல் நிறம். மேசையின் மேல், பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை விளக்கு ஒன்று. வீங்கிய கன்னத்தோடு வழிதவறி மாடியேறி வருகிறவர்களிடம் அவர் தலையை நிமிர்த்தாமலே சொல்வார்:

"பல்லு கீழே. இங்க மூஞ்சி மட்டும்தான்."

அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த சண்டை முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது. அந்த இயந்திரத்தில் கறுப்பு மை தனி, சாம்பல் தனி, வெளிர் சாம்பல் தனி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இவை போதுமென்று நமக்குத் தோன்றும். போதாது. சாம்பல் மைகளை மட்டும் தாளில் விட்டால் முகம் ஏதாவது ஒரு நிறத்தின் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட இயந்திரம் நிற மைகளிலிருந்தும் துளித்துளியாகக் கலக்கிறது. அந்தத் துளி எவ்வளவு, எந்த நிறம் என்பதை அச்சிடுகிறவர் தீர்மானிக்கலாம். கணினித் திரையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. புள்ளியை மஞ்சளும் சிவப்பும் இருக்கும் பக்கம் இழுத்தால் படம் லேசாகப் பழுப்பேறும். தொழிலில் அதை வார்ம் என்பார்கள். நீலத்தின் பக்கம் இழுத்தால் கூல். மயிரிழை நகர்த்தினாலும் ஆள் மாறிவிடுவார். கண்ணும் மூக்கும் அப்படியே இருக்கும். ஆனால் ஒரு முகம் வந்தவரை உட்காரச் சொல்லும், மற்றொரு முகம் என்ன வேணும் என்று கேட்கும்.

சித்தப்பாவின் புள்ளி எப்போதும் நீலத்தின் பக்கம்தான் நின்றது. அவர் அச்சிட்ட எல்லாருமே என்ன வேணும் என்று கேட்டார்கள். ஒருமுறை நான் அங்கே இருந்தபோது, தகப்பனாரின் படத்தை வாங்க வந்த ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"எங்க அப்பா சிரிச்ச முகங்க. இதுல ஏதோ கோர்ட்டுல நிக்கற மாதிரி இருக்காரு. கொஞ்சம் வார்மா போட்டா..."

"உங்க அப்பா வந்து கேட்கட்டும்."

"அவரு செத்துட்டாருங்க."

"அப்ப அவருக்கு ஆட்சேபணை இல்ல. எடுத்துட்டுப் போங்க."

அவர் எடுத்துக்கொண்டுதான் போனார். எல்லாரும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். மற்ற கடைகளில் கறுப்புக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும் தலைமுடி இவரிடம் இழை இழையாக வரும். வெள்ளைச் சட்டையின் மடிப்பு வெள்ளைக்குள்ளேயே தெரியும். திட்டிக்கொண்டே மாடியேறி, திட்டிக்கொண்டே இறங்கி, மறுபடியும் வருவார்கள்.

குடும்பத்தில் அவருக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர். வைத்தவர் அத்தை, அதாவது அவருடைய சொந்த அக்கா. சூடாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது என்பது உண்மைதான். கோபம்கூட அவருக்குக் குளிர்ந்துபோய்த்தான் வரும்; ஆகவே அது ஆறவும் ஆறாது. அந்தப் பெயர் எப்போது வந்தது, ஏன் வந்தது என்பதற்கு அத்தையின் கணவரை, எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ நடத்தினார்கள். மாமா வெளியே, வாடிக்கையாளர்களோடு; சித்தப்பா உள்ளே, படங்களோடு. மாமாவுக்கு வாய் நிறையப் பேச்சு, படம் நிறையப் பழுப்பு. எதை அச்சிட்டாலும் புள்ளியை வார்ம் பக்கம் இழுத்துவிடுவார். "பிஸ்கட் போடறீங்களா, படம் போடறீங்களா?" என்று சித்தப்பா கேட்பார். "பிஸ்கட்னா நாலு பேரு கேட்டு வாங்கறான். உன்னோடதை வாங்கறவன் போர்வையும் சேர்த்து வாங்கணும்" என்பார் மாமா. அந்தக் காலத்தில் இதற்கு இருவருமே சிரித்தார்கள்.

பிறகு சித்தி நோயில் விழுந்து இறந்துபோனார். சித்தப்பா பல வாரங்கள் ஸ்டுடியோ பக்கம் போகவில்லை. சித்தியின் படங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் அவர் படம் என்று மதித்தது ஒன்றைத்தான். சமையலறை ஜன்னலோரம் சித்தி நிற்கையில் சொல்லாமல் எடுத்தது. கேமராவின் ஓசை கேட்டுத் திரும்பி, "வேற வேலையே இல்லையா உங்களுக்கு" என்று திட்டுவதற்குச் சித்தி வாயெடுத்த கணம். பிலிமில் எடுத்த அந்தப் படத்தின் நெகட்டிவ், மற்ற நெகட்டிவ்களோடு ஸ்டுடியோவின் இரும்பு அலமாரியில் இருந்தது.

ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்குக் கூல் என்றால் என்ன, வார்ம் என்றால் என்ன என்று வாயால் விளக்கி மாளவில்லை. பார்த்தே தேர்ந்துகொள்ளட்டும் என்று மாமா ஒரு மாதிரிப் பலகை தயாரித்தார். ஒரே முகம், நான்கு பிரதி, வரிசையாக. கீழே கூல், நியூட்ரல், வார்ம், செபியா என்று எழுத்து; அதாவது நீலம் பாய்ந்ததில் தொடங்கி, எந்தப் பக்கமும் சாயாதது, லேசான பழுப்பு, முழுப் பழுப்பு. அந்த முகம் சித்தியின் முகம்.

சித்தப்பா மறுபடி வேலைக்கு வந்த நாளன்று ஒரு கணவனும் மனைவியும் அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி விரலை நீட்டி முதல் படத்தின் கன்னத்தைத் தொட்டு, "இது வேணாங்க, நோயாளி மாதிரி இருக்கு" என்று சொன்னதாக அத்தையே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

சித்தப்பா ஆணியிலிருந்து பலகையை இறக்கி, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தார். அதன் பிறகுதான் பேச்சு தொடங்கியது.

"ஏன்டா முறிச்சே? நம்ம வீட்டுப் பொண்ணு முகம்தானே. அதுல என்ன கேவலம்?" என்றார் மாமா.

"உங்க மூஞ்சியைப் போடறதுதானே."

"என் மூஞ்சியில என்ன இருக்கு? அவ தலைமுடியில முழுக் கறுப்பு, ஜன்னல்ல முழு வெள்ளை. நடுவுல உள்ள சாம்பல் அத்தனையும் அந்தக் கன்னத்துல இருக்கு. அதனால போட்டேன்."

நியாயமாகச் சொன்னால், தொழில்முறையில் அது சரியான பதில். அதனாலேயே அது மன்னிக்க முடியாததாகவும் இருந்தது. சித்தப்பா நெகட்டிவைக் கேட்டார். "ஸ்டுடியோ பிலிம்ல எடுத்தது ஸ்டுடியோ அலமாரியில இருக்கும். கோபம் தணிஞ்சு வந்து கேளு, தரேன்" என்றார் மாமா. சித்தப்பாவுக்குக் கோபம் தணியவில்லை, மாமாவும் தரவில்லை. தோளில் தொங்கிய கேமராவோடு வெளியேறியவர், பல் மருத்துவரின் மாடியில் தனியாகத் தொழில் தொடங்கினார். அன்றிலிருந்து அவருடைய புள்ளி வார்ம் பக்கம் போனதே இல்லை. அத்தை கணவர் பக்கம் நின்றார். "இனிமே அவன் வீட்டுல பச்சைத்தண்ணி குடிச்சேன்னா என்னன்னு கேளு" என்றார். குடிக்கவும் இல்லை. பெயர் மட்டும் தம்பிக்கு நிலைத்துவிட்டது.

பல வருடங்கள் கழித்து மாமா இறந்தார். கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. ஊரையெல்லாம் படம் பிடித்தவருக்குத் தன் படம் இல்லை. கிடைத்தது அடையாள அட்டைப் படம் ஒன்று. அதில் போலீஸ் தேடும் ஆளைப் போல இருந்தார். அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் சித்தப்பன்கிட்ட அவர் படம் ஒண்ணு இருக்குடி. புது மிஷின் வந்த அன்னிக்கு, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னாரு. இவன்தான் எடுத்தான். அந்த பிலிம் கேமராக்குள்ளேயே இருந்துச்சு. தூக்கிட்டுப் போயிட்டான்."

"நீங்களே கேட்டா என்ன அத்தை?"

"நான் அவன்கிட்டப் பேச மாட்டேன். நீ போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். சித்தப்பா மறுக்கவில்லை. "அலமாரியில என்னோடது ஒண்ணு இருக்கு. அதைக் கொடுக்கச் சொல்லு. நான் இதைப் போட்டுத் தரேன்" என்றார். அவர் தேடும் முகம் அந்த ஒரு நெகட்டிவில் மட்டுமே இருந்தது. பலகையை அவரே முறித்துவிட்டார். அதன் பிரதி இருந்த ஸ்டுடியோவின் கணினியும் பழுதாகிக் கழிந்துபோயிற்று.

அத்தையின் பதிலைக் கேட்டபடியே தருகிறேன்.

"முதல்ல அவர் சுவத்துல ஏறட்டும். வார்மா இருக்கணும். அவரு எல்லாரையும் அப்படித்தான் போட்டாரு, அவரையும் அப்படித்தான் போடணும். பச்சைத்தண்ணி தன் புத்தியை அவர் மூஞ்சியில காட்டினான்னு வெச்சுக்கோ, அந்த நெகட்டிவைக் கத்திரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டுடுவேன். இதையும் சொல்லு."

இதையும் சொன்னேன். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வெட்டுவாளா?"

"வெட்டுவாங்க சித்தப்பா."

"வெட்டுவா" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

புள்ளி முதல்முறையாக மஞ்சள் பக்கம் நகர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மருந்து குடிக்கிறவரின் முகத்தோடு நகர்த்தினார். அச்சான படத்தை ஒரு நாள் முழுவதும் தொடாமல் வைத்தார். மை உலர உலரச் சாயல் கொஞ்சம் மாறும் என்பதால் ஈரத்தில் எதையும் முடிவு செய்யமாட்டார். மறுநாள் வெள்ளை விளக்கின் கீழ் மாமா மிக நன்றாகவே இருந்தார். வாடிக்கையாளரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப்போகும் முகம். அதில் சித்தப்பா எந்தக் குறும்பும் செய்யவில்லை என்று நான் உறுதி சொல்வேன்.

உச்சி வேளையில் அத்தையின் கூடத்தில் உறையைப் பிரித்தோம். படம் மஞ்சளாக இருந்தது.

"காமாலை கண்டவர் மாதிரி இருக்காரு. வேணும்னே செஞ்சிருக்கான்" என்றார் அத்தை.

"அங்க நல்லா இருந்துச்சு அத்தை."

"அங்க நல்லா இருந்தா அங்கேயே மாட்டிக்கச் சொல்லு."

திருப்பிக் கொண்டுபோனேன். வெள்ளை விளக்கின் கீழ் அதே படம் மறுபடி நன்றாக இருந்தது. சித்தப்பா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்குக் கண்ணு கெட்டுப்போச்சு, அவளுக்கா உனக்கா?" என்றார். ஆனாலும் மஞ்சளைக் குறைத்து வேறொன்று அச்சிட்டார். அதை நான் எடுத்துப்போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தை டியூப்லைட்டைப் போட்டுவிட்டு உறையைப் பிரித்தார். மாமாவின் உதடு ஈயத்தின் நிறத்தில் இருந்தது.

அத்தை படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது அவரை எடுத்துட்டுப் போன அன்னிக்கு இருந்த மூஞ்சி. அதை நான் ஒரு தடவை பார்த்தது போதாதா?" என்றார். பிறகு, "கத்திரிக்கோலை எடுத்து வெளியில வெச்சுட்டேன்னு சொல்லு" என்றார்.

செய்தியைக் கேட்டதும் சித்தப்பா முதன்முறையாகப் பதறினார். பதற்றம் அவரிடம் எரிச்சலாகத்தான் வெளிப்படும்.

"அங்க வெளிச்சம் எப்படி?"

"நல்ல வெளிச்சம்தான் சித்தப்பா."

"நல்ல வெளிச்சம்னா என்ன அர்த்தம்? ஜன்னலுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"எதிர்வீடு."

"எதிர்வீட்டுல என்னத்தைப் பார்த்தே?"

"சுவருதான் தெரியும்."

"என்ன கலரு?"

"ஆரஞ்சு. இப்பதான் புதுசா அடிச்சிருக்காங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தையின் கூடத்துக்குப் பகல் வெளிச்சம் நேராக வருவதில்லை. ஆரஞ்சுச் சுவரில் பட்டுத் தெறித்துத்தான் வருகிறது. அதில் நனைந்த வார்ம் படம் காமாலை கண்டது. பொழுது சாய்ந்தால் நீலம் பாய்ச்சும் மலிவான டியூப்லைட். அதில் அடுத்த படம் செத்துப்போனது. படம் மாட்டப்போகும் இடத்தை முதலில் பார்த்துவிட்டு வா என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். தன்னிடம் வருகிறவர்களை எந்தச் சுவர், எந்த ஜன்னல் என்று குடைந்தெடுக்கிறவர், இந்த ஒரு சுவரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருந்ததால், அந்த வீட்டுக்குச் சுவர் இருப்பதையே மறக்கப் பழகியிருந்தார்.

மறுநாள் காலை அத்தையின் வீட்டுக்கு என்னோடு வந்தார். கதவைத் திறந்த அத்தை தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினார்.

"யாரு வந்திருக்கா?"

"வெளிச்சம் பார்க்க வந்திருக்கேன்னு சொல்லும்மா" என்றார் சித்தப்பா, அவரும் என்னைப் பார்த்தே.

உள்ளே வந்தவர் கூடத்தின் நடுவில் நின்று ஜன்னலைப் பார்த்தார், எதிர்வீட்டைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டியூப்லைட்டைக் கழற்றி, தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார்.

"வந்ததும் வராததுமா அதிகாரத்தைப் பாரு" என்றார் அத்தை என்னிடம்.

"அந்த லைட்டுல மகாலட்சுமி வந்து நின்னாலும் பொணம் மாதிரிதான் இருப்பா" என்றார் சித்தப்பா, அவரும் என்னிடம்.

பையில் இன்னும் சில இருந்தன. மாமாவின் முகத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்ட ஐந்து துண்டுகள். படம் மாட்டவேண்டிய ஆணிக்குக் கீழே அவற்றை வரிசையாக ஒட்டினார். இடது ஓரத்தில் நீலம் தெரியும் மாமா. அங்கிருந்து சிறிது சிறிதாகச் சூடேறி, வலது ஓரத்தில் நல்ல பழுப்பு மாமா. அந்த வெளிச்சத்தில் எது சரி என்று பார்க்க இதைத் தவிர வேறு வழியில்லை. எந்த அச்சுக்காரரும் இதைத்தான் செய்திருப்பார். ஒட்டிவிட்டு விலகி நின்று அவர் சொன்னதைத்தான் எல்லா அச்சுக்காரர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போதுதான் அவர் அக்காவை நேராகப் பார்த்தார்.

"எது வேணும்னு காட்டு. விரலால காட்டு."

அத்தைக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. ஐந்து மாமாக்களும் ஒரே சிரிப்போடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒண்ணை வெச்சுட்டுப் போ" என்றார்.

"நான் வெச்சதைத்தான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டியே. விரலால காட்டு. அந்தப் பொம்பளை காட்டலையா? கன்னத்தைத் தொட்டுக் காட்டினாளே."

"டேய்."

"நோயாளி மாதிரி இருக்கறது எதுன்னு சொல்லு. அதை முதல்ல கிழிச்சுடலாம்."

அத்தை அழக்கூடியவர் அல்லர். சுவரின் அருகே போய், நான்காவது முகத்துக்கு முன்னால் விரலைத் தூக்கினார். தொடவில்லை.

"இது. திருப்தியா?"

"உனக்குத் திருப்தியான்னுதான் கேட்டேன்."

"நீ எதுக்குக் கேட்டேன்னு எனக்குத் தெரியும். பொறுக்கிட்டுப் போ எல்லாத்தையும்."

சித்தப்பா ஐந்து துண்டுகளையும் உரித்துப் பையில் போட்டுக்கொண்டார். தெருவில் இறங்கியதும், வெகுநாள் சுமந்ததை இறக்கிவைத்தவரைப் போல அவர் இருப்பார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தவரைப் போலத்தான் இருந்தார்.

படம் அச்சாகி, சட்டம் போட்டு, கூடத்தில் ஏறியது. காலையிலும் நன்றாக இருந்தது, விளக்கு வைத்த பிறகும் நன்றாக இருந்தது. அத்தை அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு பழைய காகித உறையை என் கையில் கொடுத்து, "அவனோடது. எண்ணிப் பார்த்துக்கச் சொல்லு, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றார். சித்தப்பா உறையிலிருந்து நெகட்டிவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறியிருந்த சித்தி, வெள்ளைத் தலைமுடியோடு வாயைத் திறந்திருந்தார். "கீறல் இல்ல" என்றார் அவர். அவ்வளவுதான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அதன் பிறகு அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் சாம்பல் சுவரில் சித்தியின் படங்கள் நான்கு, வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். போன முறை பார்த்த நான்கு அல்ல. கழற்றிவிட்டு மறுபடி அச்சிட்ட வேறு நான்கு. புள்ளி எந்த இடத்திலும் நிற்கவில்லை. நீலத்தில் வைத்தால் நோயாளி என்று சொன்னவளின் குரல் கேட்டது. பழுப்பில் வைத்தால் மாமாவின் பிஸ்கட். நியூட்ரலில், அவரே சொன்னபடி, யாரோ ஒருத்தி. ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காமல் சாயலைத் தீர்மானிக்க முடியாது என்பதால் வரிசையாகக் குத்தினார். யாராவது மாடியேறினால், மூஞ்சியா பல்லா என்று கேட்காமலே படியிலிருந்தே திருப்பி அனுப்பினார்.

சில மாதங்கள் கழிந்து அத்தையே அந்த மாடிப்படியில் ஏறினார். கைத்தாங்கலாக நான் கூடப் போனேன். சட்டம் போட்ட மாமா என் கக்கத்தில். ஒரு படிக்கு ஒரு வசையாக ஏறியவர், அறைக்குள் நுழைந்ததும் மூச்சு வாங்காமல் தொடங்கினார்.

"எதிர்வீட்டுக்காரன் சுவத்துக்கு நீலம் அடிச்சுட்டான். அவர் மூஞ்சி மறுபடியும் செத்துப்போச்சு. வேற போட்டுக் கொடு."

சித்தப்பா எழுந்துவந்து சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். நான்கு படங்களை ஒரு ஆளால் மறைக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சித்தி எட்டிப்பார்த்தார்.

"நகரு" என்றார் அத்தை.

அவர் நகரவில்லை. அத்தையே ஒதுங்கி நின்று நான்கையும் பார்த்தார். கீழே பல்லைக் குடையும் ஓசை நின்று மறுபடி தொடங்கியது.

"இப்ப யாருடா போர்டு போட்டிருக்கா?"

"இது வியாபாரத்துக்கு இல்ல."

"விரலால காட்டட்டுமா?"

அத்தையின் கூடத்தில் தான் கேட்டதற்கு, அந்தக் கேள்வியைத் திருப்பி வாங்கச் சித்தப்பா கடன்பட்டிருந்தார். அது அவருக்கும் தெரியும். ஆனால் அத்தை கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"மூணாவது."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேட்கல. அவரா இருந்தாலும் மூணாவதைத்தான் சொல்லியிருப்பாரு."

"அவரு சொன்னா நான் கேட்கணுமா?"

"கேட்காதே. நாலையும் கட்டிக்கிட்டு அழு."

சித்தப்பா திரும்பி மூன்றாவது படத்தைப் பார்த்தார். அது வார்ம், ஆனால் பிஸ்கட் இல்லை. புள்ளியை நடுவிலிருந்து சற்றே விலக்கி அச்சிட்டது. அதையே பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"ஏன் மூணாவது?"

"மத்த மூணுலயும் சும்மா வாயைத் திறந்து வெச்சிருக்கா" என்றார் அத்தை. "அதுலதான் உன்னைத் திட்ட வரா."

அவர் மறுத்துப் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ என் கக்கத்திலிருந்த மாமாவை வாங்கி மேசையில் சாத்தினார்.

"அடுத்த வாரம் ஆள் அனுப்பு, தரேன்."

"வந்து வெளிச்சம் பார்க்க வேணாமா?"

"நீலம்னு சொல்லிட்டேல்ல. எனக்குத் தெரியும்."

"முன்னாடியும் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரிதான் ரெண்டு தடவை போட்டு அனுப்பினே."

"சரி, வரேன். தண்ணிகூட வேணாம்."

"யாரு தரப்போறா."

அத்தை படியிறங்கினார், ஏறியபோது விட்டுப்போன வசைகளைச் சொல்லிக்கொண்டே. சித்தப்பா சொன்னபடி போய் நீலச் சுவரைப் பார்த்தார், அச்சிட்டார், மாட்டினார். தண்ணீர் கேட்கவுமில்லை, தரப்படவுமில்லை. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது, எதிர்வீட்டுச் சுவரைப் பற்றியது நீங்கலாக.

இந்தப் பக்கத்தை எழுதி முடித்தபின், இதில் சேர்க்க ஒரு படம் தரும்படி சித்தப்பாவிடம் கேட்டேன். "எதுக்கு, எல்லாரும் காறித் துப்பவா?" என்றார். படம் பிடிக்கிறவர்களின் வழக்கப்படி அவரிடமும் தன் படம் எதுவும் இல்லை. சாம்பல் சுவரில் அப்போது ஒரே ஒரு சித்திதான் இருந்தார். பக்கத்தில் மூன்று படங்கள் இருந்த இடத்தில் குண்டூசித் துளைகள். இழுப்பறையிலிருந்து அதன் பிரதி ஒன்றை எடுத்து மேசையில் எறிந்தார்.

"இதைப் போடு. ஆளு யாருன்னு கேட்டா, எதிர்ல நின்னு திட்டு வாங்கறவன்னு எழுது."

அப்படியே எழுதியிருக்கிறேன்.